விநாசி அண்ணன் போர்ச்சுகீஸ்ல சொன்னது

விநாசி அண்ணன்கிட்ட கோபப்படாம ஒரே ஒரு நாள் வேலைய முடிச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டா, குயின் ஸ்திரீட் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். வேண்டி ரொம்ப நாளாச்சு. தேங்காய் இன்னும் கடையிலதான் இருக்கு. நல்ல மனுசன், அதுல சந்தேகமே இல்ல. குடி கிடையாது, வம்பு கிடையாது, யாரைப் பத்தியும் பின்னால பேச மாட்டாரு. ஆனா மனசுல உள்ளதை வாயைத் திறந்து சொல்லவே மாட்டாரு. பக்கத்து மேசையில உட்கார்ந்துக்கிட்டு வேலை நேரம் பூரா அதை நான்தான் தாங்கணும்.

முழுப் பேரு விநாசித்தம்பி. சிலோன் குடும்பம், ரயில்வேயில கிராணியா, அதாவது குமாஸ்தாவா இருந்தவங்க பரம்பரை. எங்க தாத்தா தாசேக் கெலுகோர் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவரு. நாங்க இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் கத்திப் பேசியே பழகினவங்க. அவங்க வீட்டுல தும்மல் வந்தாக்கூட கதவைச் சாத்திட்டுத்தான் தும்முவாங்க போல. ஐம்பதைத் தாண்டின வயசு. தினமும் தேய்ச்ச முழுக்கைச் சட்டை, பையில ஒரு பேனா. ஜாலான் பேராக் பக்கத்துல ஒரு ஃபிளாட்டுல அவரும் அவரு சம்சாரம் குணவதி அக்காவும் மட்டும். பிள்ளைங்க இல்ல.

எங்க கம்பெனி வீட்டுல வச்சு மூச்சு விடுற ஆக்சிஜன் மெஷின் செய்யுது. அண்ணன் அங்க ஸ்டோர்ல இருந்தாரு, நான் பில் தட்டுற செக்‌ஷன்ல இருந்தேன். ரெண்டையும் ஒரே மாசத்துல மூடிட்டாங்க. ஐரோப்பா பாஷை ஒண்ணு கத்துக்கிட்டு, அங்கேருந்து வர்ற போனை எடுக்கிற செக்‌ஷனுக்கு வர்றவங்க இருக்கலாம், மத்தவங்க கிளம்பலாம்னு மேனேஜர் அக்மல் சொன்னாரு. ஸ்டோர் ஆளுங்க அத்தனை பேரும் கொடுத்ததை வாங்கிட்டுக் கிளம்பிட்டாங்க. அண்ணன் மட்டும் கிளம்பல. அவரால கிளம்ப முடியாது. குணவதி அக்காவுக்கு ரெண்டு சிறுநீரகமும் போச்சு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மக்காலிஸ்டர் ரோட்டுக்கிட்ட ஒரு சென்டர்ல டயாலிசிஸ். அதுக்கெல்லாம் கட்டுறது கம்பெனி கொடுத்த மெடிக்கல் கார்டு. வேலை போனா கார்டு போச்சு, கார்டு போனா அக்கா கதி என்னன்னு யோசிக்கவே வேணாம். பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாத்தையும் சின்னப் பிள்ளைங்க ஓடிப்போய் எடுத்துக்கிட்டாங்க. மிஞ்சினது போர்ச்சுகீஸ். அதுல வந்து மாட்டினது நானும் அவரும்.

கிளாஸ் எடுத்தது இசில்டான்னு ஒரு பொம்பளை. போர்ச்சுகல்ல அவங்க வீட்டுச் சமையலறையில உட்கார்ந்துக்கிட்டுத் திரையில சொல்லிக் கொடுப்பாங்க. சிரிச்ச முகம். மெஷின் பேரு, பாகம் பேரு எல்லாத்தையும் அண்ணன் என்னைவிட வேகமாப் பிடிச்சுக்கிட்டாரு. ஸ்டோர்ல இருந்தவரு இல்லையா, பேரு மனசுல தங்கும். அப்புறம்தான் உணர்ச்சிப் பாடம்னு ஒண்ணு ஆரம்பிச்சுது. போன்ல பேசுறவங்க நோயாளியோட வீட்டு ஆளுங்க, அவங்க மனசைத் தொடுற மாதிரி பேசணும், அதனால முதல்ல உங்க மனசைப் பேசக் கத்துக்குங்கன்னாங்க. தினமும் கிளாஸ் ஆரம்பிக்கிறப்போ ஒவ்வொருத்தரும் இன்னைக்கு எப்படி இருக்கோம்னு சொல்லணும்.

எனக்கு அந்தப் பாடம் வெல்லம் தின்ன மாதிரி. ஃபெரிப் படகுல கூட்டம், எனக்குக் கோபம். மாமியார் வந்திருக்காங்க, எனக்குச் சலிப்பு. எல்லாத்தையும் கொட்டுவேன். பயம்னா அந்த பாஷையில "தென்யு மேது". என்கிட்ட பயம் இருக்குன்னு சொல்லணும், பை வச்சிருக்கிற மாதிரி. நம்ம ஆளுங்க "பயமா இருக்கு"ன்னு சொல்லிட்டு விட்டுடுவோம். யாருக்குன்னு கேட்டாத்தான் எனக்குன்னு வரும். அங்க அப்படி நழுவ முடியாது. அண்ணன் அந்தப் பாடத்தைப் படிச்சுட்டு, இது கொஞ்சம் வெட்கம் கெட்ட பாஷையா இருக்கு பிள்ளைன்னு என்கிட்ட மெதுவா சொன்னாரு. அதுதான் அவரு அந்த வருஷம் சொன்ன ஒரே அபிப்பிராயம்.

இசில்டா கேட்பாங்க, இன்னைக்கு எப்படி இருக்கீங்கன்னு. அண்ணன் "நல்லா இருக்கேன்"ம்பாரு. மறுநாளும் அதேதான். ஒரு நாள் அக்காவுக்கு டயாலிசிஸ் நடுவுல பிரஷர் இறங்கி, ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போய் பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. அங்கேருந்து நேரா கிளாஸுக்கு வந்தாரு மனுசன். சட்டையில அக்கா வாந்தி எடுத்த கறை. நான் இசில்டாகிட்ட முன்னாடியே விஷயத்தைச் சொல்லிட்டேன். அவங்க குரலை இறக்கி, ரொம்ப அன்பா, இன்னைக்கு எப்படி இருக்குன்னு கேட்டாங்க. "நல்லா இருக்கேன்." அந்தப் பொம்பளை கண்ணு கலங்கிப் போச்சு. எனக்கு மேசையைத் தூக்கிப் போடலாம்னு வந்துச்சு.

பரீட்சை எழுதச் சொன்னா எல்லாம் சரியா எழுதுவாரு. துக்கம், ஏக்கம், நிம்மதி, வெட்கம், ஒரு எழுத்து பிசகாது. வாயால சொல்லச் சொன்னா ரயில்ல அடுத்த ஸ்டேஷன் பேரு சொல்ற மாதிரி சொல்லுவாரு. புக்கிட் மெர்தாஜாம்லேருந்து தினமும் ரயிலும் ஃபெரியும் ஏறி வர்றவ நான், எனக்குத் தெரியாதா அந்தக் குரல்.

குணவதி அக்காகிட்டயும் போய்ப் பார்த்திருக்கேன். அவங்க தமிழ்ப் பாலர் பள்ளியில டீச்சரா இருந்தவங்க, நல்லாப் பேசுவாங்க, உடம்பு இப்படி ஆனப்புறமும் சிரிக்க வைப்பாங்க. அவங்க குறையும் அதேதான். ஒரு தரம் கார்ல வீட்டுக்கு வர்றப்போ, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க என்ன செய்வீங்கன்னு கேட்டாங்களாம். அவரு, "பெல்ட்டைப் போடு"ன்னாராம். சொல்லிட்டு அக்கா சிரிச்சாங்க. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன், ஆனா வயித்தெரிச்சலா இருந்துச்சு. இந்த மனுசனுக்கு நெஞ்சுக்குள்ள என்னதான் இருக்குன்னு எனக்குத் தெரியல ராகினி, ஒருவேளை ஒண்ணுமே இல்லையோன்னாங்க. அதை அவங்க சிரிக்காம சொன்னாங்க.

ஒருவழியா பாஷை படிச்சு போன்ல உட்கார வச்சாங்க. ஆனா உடனே நிரந்தரம் இல்ல. கொஞ்ச மாசம் பார்ப்பாங்க. போர்ச்சுகல்ல லிஸ்பன் ஆபீஸ்ல சில பேரு உட்கார்ந்துக்கிட்டு நாம பேசின போன் காலை எல்லாம் கேட்டு மார்க் போடுவாங்க. பணிவுக்கு மார்க், அனுதாபத்துக்கு மார்க், வணக்கம் சொல்லி முடிக்கிறதுக்கு மார்க். பெரிய தப்பு ஒண்ணு பண்ணினா அவ்வளவுதான், வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அண்ணனுக்கு அனுதாபத்துல எப்பவும் கம்மிதான். மத்ததுல தேறிடுவாரு, அதனால ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அடிக்கடி கூப்பிடுறவங்கள்ல எர்மெலிந்தான்னு ஒரு அம்மா. போர்ச்சுகல்ல வடக்குப் பக்கம் ஒரு கிராமம். புருஷன் படுத்த படுக்கை, மூச்சுக்கு எங்க மெஷின்தான். அது கத்தினா இவங்க பயந்துடுவாங்க, உடனே போன். விநாசி ஐயாதான் வேணும்பாங்க. அண்ணன் பொறுமையா ஃபில்டரைக் கழட்டு, ஊது, மாட்டுன்னு சொல்லிக் கொடுப்பாரு. மெஷின் சரியானப்புறமும் அந்த அம்மா வைக்காது. கோழி முட்டை இடல, அவரு சூப் குடிக்க மாட்டேங்கிறாரு, காலு வீங்கியிருக்கு, எல்லாம் சொல்லும். இவரு "ம்", "ம்"னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. நேரமாகுது வைங்க அண்ணேன்னு நான் கையைக் காட்டுவேன். வைக்க மாட்டாரு.

ஒரு நாள் சாயங்காலம் அந்த அம்மா கூப்பிட்டுச்சு. அங்க காலை நேரம். நான் என் போன் காலை முடிச்சுட்டு சும்மா உட்கார்ந்திருந்தேன், அதனால அண்ணன் பேசினது முழுக்க என் காதுல விழுந்துச்சு. மெஷினை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க, இனிமே வேணாம்னு அந்த அம்மா சொல்லியிருக்கு. புருஷன் போயிட்டாருன்னு புரிஞ்சுபோச்சு. அந்த மாதிரி நேரத்துக்கு கம்பெனி எழுதிக் கொடுத்த வார்த்தை இருக்கு. "சிந்து முய்ந்து", அதாவது ரொம்ப வருந்துறேன். அப்புறம் மெஷினை எடுக்க ஆள் வர்ற தேதி. அப்புறம், வேற ஏதாவது உதவி வேணுமா. கடைசியில, "உங்களுக்கு இந்த நாள் இனிய நாளாகட்டும்." புருஷனைப் பறிகொடுத்துட்டு நிக்கிறவகிட்ட இனிய நாளாகட்டும்னு சொல்லணுமாம். எழுதினவன் தலையில இடி விழ.

அண்ணன் அதுல ஒண்ணையும் சொல்லல. எப்போன்னு கேட்டாரு. எப்படி ஆச்சுன்னு கேட்டாரு. பக்கத்துல யாரு இருந்தாங்க, கடைசியா என்ன சாப்பிட்டாரு, மூச்சு இழுத்துச்சா, கஷ்டப்படாமப் போனாரா. நம்ம ஆளுங்க சாவு வீட்டுல போய் உட்கார்ந்து என்ன கேட்போமோ அதையெல்லாம் கேட்டாரு. அந்த அம்மா சொல்லச் சொல்ல "ம்" போட்டாரு. ரொம்ப நேரம் அப்படியே போச்சு. அப்புறம் ஒரு வார்த்தையும் சொல்லாம பொத்தானை அமுக்கி வச்சுட்டு, எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்தாரு.

ரெண்டு நாள்ல லிஸ்பன்லேருந்து வந்துச்சு: பூஜ்யம். துக்கத்துல இருக்கிற வாடிக்கையாளர்கிட்ட வருத்தம் தெரிவிக்கல, வேண்டாத கேள்வி கேட்டாரு, எல்லாத்துக்கும் மேல விடைபெறாம லைனை வெட்டிட்டாரு. பெரிய தப்பு. இவரை நிரந்தரம் ஆக்க முடியாதுன்னு எழுதியிருந்தாங்க.

கேள்விப்பட்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. லிஸ்பன் மேல பாதி, இவரு மேல பாதி. டீ போடுற பேன்ட்ரியில பிடிச்சு நிக்க வச்சு, ஏன் அண்ணே வெட்டினீங்கன்னு கேட்டேன். சாவு வீட்டுலேருந்து சொல்லிட்டாப் போவோம்னு திருப்பிக் கேட்டாரு. எனக்குத் தெரியாத வழக்கமா? செத்த வீட்டுல போயிட்டு வர்றேன்னு சொல்லக் கூடாது. திரும்ப வர்றேன்னு சொன்னா திரும்பவும் சாவு வரணும்னு சொன்ன மாதிரி. எழுந்தோமா, நடந்தோமான்னு இருக்கணும். அதெல்லாம் சரி.

"அண்ணே, அது சாவு வீடா? அது போன் லா."

"அந்த அம்மா எங்க இருந்துகொண்டு பேசினவ? அந்த வீட்டுல இருந்துதானே," ன்னாரு.

லைன் தானா அறுந்துபோச்சுன்னு சொல்லிடுங்க, அடிக்கடி அறுந்துபோறதுதானே, யாரு போய்ப் பார்க்கப் போறான்னு கெஞ்சினேன். மாட்டாராம். நான்தான் வச்சேன், அப்புறம் எப்படி அறுந்துச்சுன்னு சொல்றதாம். அக்காவோட கார்டை நினைச்சுப் பாருங்கன்னேன். நினைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்னாரு. சொல்லிட்டு கிளாஸைக் கழுவ ஆரம்பிச்சுட்டாரு. ஏற்கனவே கழுவின கிளாஸ்.

அக்மல் கூப்பிட்டு உட்கார வச்சு விசாரிச்சாரு. எச்.ஆர்.லேருந்து நூருல்னு ஒரு பொண்ணும் இருந்துச்சு. அண்ணன் நான்தான் வெட்டினேன்னு மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டாரு. என்னைக் கூப்பிடாமலே நான் உள்ள போய், இது எங்க வழக்கம் பாஸ்னு விளக்கினேன். அக்மலுக்கு உடனே புரிஞ்சுது. அவரு வளர்ந்த கம்பத்துல, அதாவது கிராமத்துல, பக்கத்து வீடு தமிழ் வீடாம். அந்த வீட்டுப் பெரியவரு செத்தப்போ, இவரு மரியாதையா எல்லார்கிட்டயும் சொல்லிட்டுக் கிளம்ப, வீடே இவரை முறைச்சிச்சாம். ஆனா எனக்குப் புரிஞ்சு என்ன பிரயோஜனம், மார்க் போடுறது லிஸ்பன்னாரு. நல்ல மனுசன்தான், ரெண்டு தரம் எழுதிப் போட்டாரு. பதில் வந்துச்சு. அந்த அம்மாவை இவரே கூப்பிட்டு, வெட்டினதுக்கு மன்னிப்புக் கேட்டு, எழுதிக் கொடுத்த மாதிரி முழுசா விடைபெற்று முடிக்கணும். அவங்க கேட்டுட்டு முடிவு பண்ணுவாங்க. இது கடைசி வாய்ப்பு.

அண்ணன் மாட்டேன்னுட்டாரு. முப்பத்தொண்ணாம் நாள் அந்தியேட்டிச் சடங்குகூட ஆகல, அந்த வீட்டுக்குக் கூப்பிட்டு நான் இனிய நாளாகட்டும்னு சொல்றதான்னு கேட்டாரு. அவங்க வேதக்காரங்க, அவங்களுக்கு ஏது அந்தியேட்டின்னேன். எனக்கு இருக்குன்னாரு. இப்படிப்பட்ட ஆள்கிட்ட என்ன பேசுறது. நாளைக்கு அக்காவுக்கு ஊசி குத்துற நாள், அந்த சென்டர் வாசல்ல நின்னுக்கிட்டு கார்டு இல்லன்னு நீங்க சொல்வீங்களா, இல்ல நான் வந்து சொல்லட்டுமான்னு கேட்டேன். சத்தமாத்தான் கேட்டேன், பேன்ட்ரியில எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அண்ணன், அந்தப் போனுக்கு எங்க உட்காரணும்னு கேட்டாரு.

சின்ன ரூம். அக்மலுக்கு போர்ச்சுகீஸ் தெரியாது, அதனால என்ன பேசுறாங்கன்னு சொல்ல என்னையும் ஒரு ஹெட்செட் போட்டு உட்கார வச்சாரு. அண்ணன் தாளை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாரு. அந்த அம்மா எடுத்துச்சு. இவரு பேரைச் சொல்லிட்டு, தாளைப் பார்த்துப் படிச்சாரு, அதே ரயில் குரல்ல: அன்னைக்கு விடைபெறாம வச்சதுக்கு மன்னிக்கணும்.

அப்புறம் அந்த அம்மா பேசுச்சு. நீங்க வச்சது எனக்குத் தெரியவே தெரியாது. நீங்க கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சு நான் பேசிக்கிட்டே இருந்தேன். அவரு கடைசியா ஜன்னலைத் திறக்கச் சொன்னதை உங்ககிட்டத்தான் முதல்ல சொன்னேன். நீங்க "ம்"னுகூட சொல்லல. ஐயா, ஐயான்னு கூப்பிட்டேன். அப்புறம்தான் யாருமே இல்லன்னு தெரிஞ்சுது.

அண்ணன் தாளைக் கீழ வச்சுட்டாரு. எங்க ஊர்ல செத்த வீட்டுலேருந்து சொல்லிக்கிட்டுப் போக மாட்டோம், அதனாலதான் வச்சேன்னு சொல்ல ஆரம்பிச்சாரு. தட்டுத் தடுமாறிச் சொன்னாரு. அப்போ போயிட்டீங்கன்னு வீட்டுக்காரங்களுக்கு எப்படித் தெரியும்னு அந்த அம்மா கேட்டுச்சு. திட்டல, தெரிஞ்சுக்கத்தான் கேட்டுச்சு. உட்கார்ந்திருந்த இடம் காலியா இருக்கும், பார்த்தாத் தெரியும்னாரு.

"என்னால உங்களைப் பார்க்க முடியலையே, ஐயா," ன்னு சொல்லுச்சு அந்த அம்மா.

அண்ணன் முகத்தை நான் அப்போ பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. தான் செஞ்சது சரின்னு ஒரு ஆணியில தொங்கிக்கிட்டு இருந்தவரு, அந்த ஆணி கழண்டுபோச்சு. எனக்கு வெட்கமா இருக்குன்னு போர்ச்சுகீஸ்ல சொன்னாரு. தாள்ல அது இல்ல. குரல் உடைஞ்சுபோச்சு. என்ன சொல்றாருன்னு அக்மல் என்னைத் தொட்டுக் கேட்டாரு. மன்னிப்புக் கேட்கிறாருன்னேன்.

அந்த அம்மா விடல. அன்னைக்கு இவ்வளவு விவரமாக் கேட்டீங்களே, சாப்பிட்டாரா, மூச்சு இழுத்துச்சா, கஷ்டப்பட்டாரான்னு. வீட்டுல ஒருத்தரை வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கிறவங்கதான் அப்படிக் கேட்பாங்க. உங்க வீட்டுல யாருக்குன்னு கேட்டுச்சு.

என் மனைவிக்குன்னாரு. சிறுநீரகம்னாரு. அப்புறம் கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு, "தென்யு மேது"ன்னாரு. என்கிட்ட பயம் இருக்கு. நர்ஸ் வந்து அவளை உள்ள கூட்டிட்டுப் போறப்போ ஒவ்வொரு தரமும் பயம். கதவு திரும்பத் திறக்குற வரைக்கும் பயம். எல்லாத்தையும் இலக்கணம் பிசகாமச் சொன்னாரு மனுசன், கண்ணீர் தாடையில இறங்கிக்கிட்டு இருக்கு. என்ன, என்னன்னு அக்மல் கேட்டாரு. என்னால சொல்ல முடியல. அவரும் அதுக்கப்புறம் கேட்கல. நூருல் எழுந்து டிஷு பெட்டியைக் கொண்டுவந்து வச்சுட்டு வெளிய போயிடுச்சு.

ரெண்டு பேரும் இன்னும் கொஞ்சம் பேசினாங்க. கடைசியில அந்த அம்மாதான், நானே போனை வச்சுடுறேன், நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்னு சொல்லிட்டு வச்சுது. இனிய நாள் எதுவும் ஆகல. எழுதிக் கொடுத்த கடைசி வரி அப்படியே தாள்ல கிடந்துச்சு. சரி, இதோட முடிஞ்சுதுன்னு நான் நெனச்சேன்.

லிஸ்பன்லேருந்து பதில் வந்துச்சு. தேறிட்டாராம். வாடிக்கையாளரே வச்சதால முடிவு வரியை விட்டுக்கொடுக்குறாங்களாம். அனுதாபத்துக்கு முழு மார்க். சொந்த அனுபவத்தைப் பொருத்தமாகப் பயன்படுத்தினார்னு பாராட்டு வேற. பயன்படுத்தினாராம். அதைப் படிச்சுட்டு எனக்கு ஓங்கி எதையாவது உடைக்கணும்போல இருந்துச்சு. வருஷக்கணக்கா ஒரு மனுசன் நெஞ்சுக்குள்ள போட்டுப் பூட்டி வச்சிருந்தது, இவங்களுக்கு மார்க் போடுற சரக்கு. ஆனா வேலை நிரந்தரம். கார்டு பத்திரம். அக்மல் வந்து அண்ணன் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போனாரு. அண்ணன் நன்றின்னுட்டு அடுத்த போன் காலை எடுத்தாரு.

அடுத்த வாரம் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி காலையிலேயே நான் டயாலிசிஸ் சென்டருக்குப் போனேன். அக்காவைப் பார்க்கத்தான். வெளிய வரிசையாப் போட்ட நாற்காலியில ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தாங்க, நடுவுல அக்காவோட பை. அக்கா என்னைப் பார்த்ததும், வா ராகினி, உங்க அண்ணனுக்கு வேலை நிரந்தரமாமே, ஏதோ ஒரு போன் கால்ல நல்லாப் பேசினாராம், என்ன பேசினாருன்னு கேட்டா பேசினேன்னுதான் சொல்றாரு, நீயாவது சொல்லேன்னாங்க. கம்பெனி எழுதிக் கொடுத்ததைப் படிச்சேன்னு அண்ணன் குறுக்க சொன்னாரு. என்னைப் பார்த்து லேசாத் தலையை ஆட்டினாரு, வேணாம்னு.

நான் யாரு, கத்திப் பேசியே வளர்ந்தவ. எங்க தாத்தா பால் வெட்டினவரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. முன்னப் பின்ன பார்க்காத ஒரு அம்மாவுக்குத் தெரியும், லிஸ்பன்ல உட்கார்ந்து மார்க் போடுறவனுக்குத் தெரியும், இந்த அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாதா?

"அக்கா, அண்ணன் அழுதாரு," ன்னேன். "உங்களை உள்ள கூட்டிட்டுப் போறப்போ ஒவ்வொரு தரமும் பயமா இருக்குன்னு அந்த அம்மாகிட்ட சொன்னாரு. கதவு திறக்குற வரைக்கும் பயமாம்."

அக்கா முதல்ல சிரிச்சாங்க, நான் விளையாடுறேன்னு நெனச்சு. அப்புறம் திரும்பி அண்ணன் முகத்தைப் பார்த்தாங்க. சிரிப்பு நின்னுபோச்சு. நர்ஸ் காமாரியா வந்து கதவைத் திறந்து அக்கா பேரைக் கூப்பிட்டாங்க. அக்கா எழுந்திருக்கல.

"இஞ்சாருங்கோ, இதை என்னட்ட ஏன் சொல்லேல்ல?"

அண்ணன் பையோட வாரைப் பிடிச்சுக்கிட்டாரு. வழக்கம்போல ஒண்ணும் சொல்ல மாட்டாரு, நான் இப்போ கத்தப் போறேன்னு நெனச்சேன்.

"நீ பயந்துபோயிடுவாயெண்டுதான்," ன்னாரு.

"நான் ஒவ்வொரு தரமும் பயந்துகொண்டுதான் உள்ள போறனான்," ன்னாங்க அக்கா. "உங்களுக்கு ஒரு பயமும் இல்லையெண்டு நினைச்சு, இவ்வளவு நாளும் தனியாப் பயந்தனான்."

காமாரியா மறுபடியும் பேரைக் கூப்பிட்டாங்க. அண்ணன் அக்கா கையைப் பிடிச்சு எழுப்பினாரு, ரெண்டு பேருமா கதவுக்கிட்ட போனாங்க. துணைக்கு வர்றவங்க உள்ள வரக் கூடாதுன்னு அங்க எழுதி ஒட்டியிருக்கு. காமாரியா ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டாங்க.